மூன்றாம் எண்ணுக்கு மார்ச்

எங்கள் பெண்கள் ரக்பி அணி நாட்காட்டிக்காக ஆடையில்லாமல் நின்றபோது வேல்ஸ் நாடு ஒன்றும் இடிந்து விழுந்துவிடவில்லை. எங்கள் பள்ளத்தாக்குதான் இரண்டு வாரம் வாயை மூடவில்லை. மருத்துவமனையின் மார்பகப் புற்றுநோய்ப் பிரிவுக்கு நிதி திரட்டத்தான் இத்தனையும். யோசனை மெரெரிட் சொன்னது. அந்தப் பிரிவில்தான் போன வருடம் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள்.

சட்டை எண்தான் மாதம் என்று முடிவு செய்தோம். மெரெரிட் முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுகிறவள், மூன்றாம் எண், அவளுக்கு மார்ச். அணித்தலைவி நான், பத்தாம் எண், அக்டோபர். அணியின் பதினைந்து பேரில் மிச்சம் மூன்று பேர் அட்டைக்கு. எங்களுக்குள் வெட்கம் எல்லாம் கிடையாது. பதினோரு வருடமாக ஒரே குளியலறையில் சேறு கழுவுகிறவர்கள். யாருக்கு எங்கே மச்சம் என்று அவரவர் கணவரைவிட எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

மெரெரிட் கேட்டது ஒன்றே ஒன்று.

"எலெரி, என்னை இருக்கிற மாதிரியே போடணும்டீ. பந்தை வச்சு மறைக்கல்லாம் மாட்டேன்."

மார்ச் முதல் தேதிக்கு ஊரே சட்டையில் குத்திக்கொள்ளும் மஞ்சள் டாஃபடில் பூவைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்து நின்றாள். தழும்பு அக்குள்வரை ஓடியது. பதினைந்து படத்தில் அது ஒன்றுதான் படம்.

எம்ரிஸ் எங்கள் தேவாலய மூப்பர். ஊரில் செய்தித்தாள் விற்கும் ஒரே கடையும் அவருடையது. முதலில் வெட்கக்கேடு என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பிறகு கிளப் செயலாளர் கெத்தின் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இன்னும் அச்சுக்குப் போகாத பக்கங்களைக் காட்டினான். மனிதர் ஒவ்வொன்றையும் நிதானமாகத்தான் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். மெரெரிட்டை யாரும் அழைக்கவில்லை.

"அம்மணத்துக்கு நான் இப்ப ஒண்ணும் சொல்லல," என்றார் எம்ரிஸ். "நல்ல காரியம், என் கடையிலயே விக்கலாம். ஆனா அந்த மார்ச்... சனங்க சமையலறையில மாட்டுவாங்கம்மா. முப்பத்தோரு நாள் அதைப் பார்த்துக்கிட்டா சாப்பிடணும்?"

"அதுக்குத்தானே இந்த நாட்காட்டியே," என்றேன்.

"இருக்கிறது தெரிஞ்சா பரவால்ல. இல்லாதது தெரியுதே."

அவர் மூக்கை உடைத்திருக்க வேண்டும். மைதானத்தில் இதைவிட அற்ப விஷயத்துக்கு உடைத்திருக்கிறேன்.

"கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம்," என்றான் கெத்தின். "வேற யாரோடதாவது எடுத்து ஒட்டினா போதும். எலெரி, உன்னோடது கிட்டத்தட்ட அதே அளவு."

நான் சிரித்தேன். சிரித்ததோடு நிற்காமல் சரியென்று கையெழுத்தும் போட்டேன். தோழிக்கு ஏதோ தானம் கொடுத்தவள்போல உள்ளுக்குள் பெருமை வேறு. சீ.

நவம்பரில் கிளப் கூடத்தில் வெளியீடு. மெரெரிட் பீர் கோப்பையை வைத்துவிட்டு மார்ச்சைப் புரட்டினாள். அவள் தோளுக்குமேல் நாலு பேர் எட்டிப்பார்த்தார்கள்.

"டாக்டருங்க கெட்டிக்காரங்கதான், மெரெரிட்."

"ஒண்ணுமே தெரியல. முன்ன மாதிரியே அழகா இருக்க."

அவள் பக்கத்தை விளக்குப் பக்கம் சாய்த்தாள். இடது மார்பின் மேலோரத்தில் ஒரு மச்சம். அதில் விரலை வைத்தாள். பிறகு அக்டோபரைப் புரட்டி, என் மார்பில் அதே இடத்தில் அதே மச்சத்தின்மேல் விரலை வைத்தாள். கெத்தின் ஆட்களுக்கு அதை அழிக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

"விக்கணும்ல, மெரெரிட்," என்றேன்.

"ஆஸ்பத்திரியில எடுத்தப்போ எங்கிட்ட கேட்டுட்டுதான் எடுத்தாங்க," என்றாள் அவள். "நீ வைக்கறப்போ கேக்கல."

நாட்காட்டி அத்தனையும் விற்று, மறுபடி அச்சடித்தோம். மார்ச் முழுக்க எம்ரிஸ் கடைச் சுவரில் மெரெரிட் என் மார்போடு தொங்கினாள். அந்தப் பருவத்தில் அவள் ஒரு ஆட்டத்தைக்கூட விடவில்லை. முன்வரிசையில் நின்று முட்டினாள். ஆட்டம் முடிந்ததும் குளியலறைக்கு மட்டும் வருவதில்லை. உடம்பெல்லாம் சேற்றோடு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவாள்.