மைக் ஒயரை அறுத்தது யார்

சவேரியார் திருவிழாவுக்குக் கொடி ஏறிய மறுநாள் காலை. பூசை முடிந்து கீபோர்டைத் துணி போட்டு மூடப் போன மஞ்சு, காலடியில் கறுப்பு ஒயர் ஒன்று இரண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்தாள். எலி கடித்திருக்கும் என்று குனிந்து எடுத்தாள். எலிப் பல் பட்டதுபோல் இல்லை. கத்தரிக்கோலால் ஒரே வெட்டு.

போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் இருந்த ஒயர் காணாமல் போயிருந்தது. யாராவது தெரியாமல் எடுத்துப் போயிருப்பார்கள் என்று புதிதாக வாங்கி மாட்டியிருந்தார்கள். அந்தப் புது ஒயர்தான் இப்போது அவள் கையில் இருந்தது.

ஆலத்தியூரை ஒட்டிய சின்ன ஊர் அது. மஞ்சு பகலில் அரியலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள்; கோயிலில் பாடற்குழுவுக்குக் கீபோர்டு வாசித்தாள். அவள் தம்பி அறிவரசன் இளைஞர் மன்றத் தலைவன். இந்த வருசம் தேர்த் திருவிழாப் பூசையை யூடியூபில் நேரலையாகக் காட்ட வேண்டும், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் பார்க்க வேண்டும் என்று கேமராவுக்கும் மைக்குக்கும் அலைந்தவன் அவன்தான்.

அறுந்த ஒயரைப் பார்த்ததும் அவன் முகம் இறுகிவிட்டது.

“அந்த செந்தில்குமாரு வேலைதான்க்கா. வேற யாரு செய்வா?”

செந்தில்குமார் மேலத்தெருவில் மைக் செட் கடை வைத்திருப்பவர். மாரியம்மன் திருவிழாவானாலும் சவேரியார் திருவிழாவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் பாடும். கோயிலுக்கென்று சொந்தமாக மைக் செட் வாங்கியதிலிருந்து அவரை யாரும் கூப்பிடவில்லை. “புதுசு எப்புடிப் பாடுதுன்னு பாக்குறேன்” என்று அவர் டீக்கடையில் சொன்னதை நாலு பேர் கேட்டிருந்தார்கள்.

“சாயங்காலம் பசங்களோட அவரு கடைக்குப் போறேன். ரெண்டு போட்டாத்தான் ஒத்துக்குவாரு.”

“கையை கிய்ய வெச்சிராதடா. அவரு தெருக்காரங்க சும்மா இருப்பாங்களா? நல்ல நாளும் அதுவுமா ரெண்டு தெருவும் மண்டைய ஒடச்சிக்கணுமா?”

“அப்ப நீயே கண்டுபுடி. சாயங்காலம் வரைக்கும்தான் பாப்பேன்.”

அவன் போய்விட்டான். மஞ்சு கடைக்கு போன் போட்டு லீவு சொன்னாள். போன வருசம் பொங்கல் சமயத்தில் இப்படித்தான் ஒரு வாய்ச்சண்டை வளர்ந்து, மூன்று பையன்கள் அரியலூர் கோர்ட்டுக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தார்கள். நாலாவதாகத் தம்பியும் போய் நிற்கக்கூடாது.

கோயில் வாசலுக்கு மேலே மரப்படி ஏறிப் போகும் பாடகர் மாடத்தில் தனியாக உட்கார்ந்து ஒயர்களைப் பார்த்தாள். மைக்கிலிருந்து வந்த ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குள் போய், அங்கிருந்து இரண்டாகப் பிரிந்தது. ஒன்று வெளியே இருக்கும் குழாய்களுக்கு. இன்னொன்று நேரலைக் கேமராவுக்கு. இரண்டும் ஒட்டிக்கொண்டுதான் கிடந்தன. அறுந்தது கேமராவுக்குப் போவது மட்டும். போன வாரம் காணாமல் போனதும் அதேதான்.

மைக் செட் பாடக்கூடாது என்று நினைக்கிறவர் குழாய் ஒயரைத்தானே வெட்டுவார்? செந்தில்குமாருக்கு எது எந்த ஒயர் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும். அப்படியானால், பாட்டு ஊருக்குள் கேட்கலாம், வெளியே போகக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

மஞ்சு போனை எடுத்து, ஆகஸ்டில் மாதா திருவிழாவுக்குப் போட்ட வீடியோவைத் திறந்தாள். அன்று கேமரா பீடத்தை மட்டும்தான் காட்டியது; மேலே பாடியவர்கள் யாரும் தெரியவில்லை. வீடியோவுக்குக் கீழே கமெண்டு எல்லாம் ‘ஆமென்’, ‘அருமை’ என்றே இருந்தன. ஒரு ஆள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டிருந்தான். ‘தனியாப் பாடுற அந்தப் பொண்ணு யாரு? எந்த ஊரு கோயில் இது?’ யாரும் பதில் போடவில்லை.

தனியாகப் பாடியது அனிதா.

அனிதா இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பையோடு தூரத்து உறவில் பெரியம்மாவான கொளஞ்சியம்மாள் வீட்டுக்கு வந்தவள். திண்டுக்கல் பக்கம் கட்டிக்கொடுத்தது, ஒத்துவரவில்லை என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. துணி தைத்துப் பிழைத்தாள். போட்டோ எடுத்தால் தூணுக்குப் பின்னால் போய்விடுவாள். வெட்கம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மஞ்சு போனபோது அனிதா தையல் மெஷினில் இருந்தாள். மஞ்சு அந்த வீடியோவைத் திறந்து போனை நீட்டினாள். திரும்பத் திரும்பக் கேட்டவன் பெயரைப் பார்த்ததும் அனிதாவின் கால் மிதியை விட்டு நழுவியது.

“நாந்தான்க்கா வெட்டுனேன்.”

“யாரு இது?”

“எம் புருசன். வெறும் கொரலை வெச்சே கண்டுபுடிச்சிட்டான் பாருங்க. கேமராவை இந்தத் தடவ மாடத்தைப் பாத்து வெக்கப்போறேன்னு அறிவு சொன்னதுலேர்ந்து தூக்கமே இல்ல. ஒயரு இல்லேன்னா லைவே நின்னு போயிரும்னு நெனச்சேன்.” அவள் இடது கையை நீட்டினாள். முழங்கைக்கு மேலே தோல் பளபளவென்று சுருங்கியிருந்தது. “கொதிக்கிற எண்ணெ. அன்னிக்குத்தான் கெளம்பி வந்தேன்.”

“பாடமாட்டேன்னு சொல்லியிருக்கலாமேடி.”

“ஏன்னு கேப்பாங்களே. அதுவும் இல்லாம...” அனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பாடுறப்ப மட்டுந்தான்க்கா பயம் இல்லாம இருக்கேன். அதையும் விட்டுட்டா என்ன இருக்கு எனக்கு?”

செந்தில்குமார்மேல் பழி விழுந்திருப்பது அவளுக்குத் தெரியாது. சொன்னதும் பதறி எழுந்தாள். “ஐயோ, நான் போயி சொல்லிடறேன்.”

“இரு. ஊரு முழுக்கத் தெரிஞ்சா அதுவும் அவன் காதுக்குப் போயிரும்.”

மஞ்சு ஓட்டமும் நடையுமாகப் பங்குத்தந்தை தைரியநாதனிடம் போனாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மேலத்தெருவுக்கு நடந்தார். கடை வாசலில் அறிவரசனும் பையன்களும் அதற்குள் வந்து நின்றிருந்தார்கள். செந்தில்குமார் கையில் ஒரு இரும்புக் குழாய் இருந்தது. பின்னால் அவருடைய பங்காளிகள்.

“ஒயரை வெட்டுனது யாருன்னு எனக்குத் தெரியும்” என்றார் பாதர். “செந்தில்குமாரு இல்ல. செஞ்சவங்களுக்குக் காரணம் இருக்கு, நான் மன்னிச்சாச்சு. அறிவு, இந்த வருசம் லைவ் கெடையாது.”

“பாதர், ஊரு பேரு போட்டு யூடியூபுல எல்லாருக்கும் சொல்லிட்டமே...”

“கெடையாதுன்னா கெடையாது. அவருகிட்ட மன்னிப்புக் கேளு.”

அறிவரசன் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ முணுமுணுத்தான். செந்தில்குமார் இரும்புக் குழாயைக் கீழே போட்டார். “எங்க அப்பாரு காலத்துலேர்ந்து ஒங்க கோயிலுக்குக் கொழா கட்டுனவன் சாமி நான். கேக்கவே சங்கட்டமா இருக்கு” என்றார். தேரன்று மைக்கை அவரே பார்த்துக்கொள்வது என்று முடிவானது. எல்லோரும் கலைந்த பிறகு மஞ்சு அவரிடம் ஒன்று மட்டும் சொன்னாள்: “அண்ணே, வெளியூர் ஆளு யாராச்சும் பாடுறது யாருன்னு கேட்டா, சொல்லிராதீங்க.” அவர் காரணம் கேட்கவில்லை.

தேர்த் திருவிழாவன்று சாயங்காலப் பூசையில் அனிதா தொடக்கப் பாட்டைப் பாட ஆரம்பித்தாள். மஞ்சு மாடத்து ஜன்னல் கம்பி இடுக்கு வழியாகக் கீழே வாசலைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் கூட்டத்துக்குள் வராமல், குழாயைப் பார்த்து அண்ணாந்தபடி வாசலிலேயே நின்றான். கும்பிடவில்லை. பிறகு செந்தில்குமார் பக்கத்தில் போய் ஏதோ கேட்டான்.

மஞ்சுவின் விரல்கள் அடுத்த கட்டையைத் தேடித் தடுமாறின. அனிதாவும் பார்த்துவிட்டாள். குரல் பாதியில் அறுந்தது.

அந்தக் கணத்தில் மஞ்சு, வாழ்நாளில் தனியாக ஒரு வரிகூடப் பாடாதவள், விட்ட இடத்திலிருந்து பாடினாள். பின்னால் நின்ற பெண்கள் ஒன்றும் புரியாமல் சேர்ந்துகொண்டார்கள். யார் குரல் எது என்று பிரிக்க முடியாதபடி மொத்தக் குழுவும் பாடியது.

கீழே செந்தில்குமார் கையை விரித்துக்கொண்டிருந்தார். “மொதல்ல கேட்டதா? அது பென்டிரைவு சார். கடையில வாங்குன பாட்டு. இப்பப் பாடுறவங்க ஊரு பொம்பளைங்க. வேணுன்னா நன்கொடை எழுதிட்டுப் போங்க.”

அந்த ஆள் மறுபடியும் அண்ணாந்து குழாயைப் பார்த்தான். பாதர் பீடத்திலிருந்தே அவனை நிமிர்ந்து பார்த்தார். அதன்பின் அவன் திரும்பி, லாரிகள் போகும் சாலைப் பக்கம் நடந்து மறைந்தான். அனிதா மாடத்துத் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இனி ஒளிஞ்சிட்டே இருக்க முடியாதுக்கா” என்றாள் பூசை முடிந்ததும்.

அடுத்த திங்கட்கிழமை கொளஞ்சியம்மாளும் மஞ்சுவும் அவளை அரியலூருக்குக் கூட்டிப் போய் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். கையைக் காட்டச் சொன்னபோது அவள் தயங்கவில்லை. அவன் அவள் இருக்கும் பக்கமே வரக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு வாங்கக் கோடை ஆகிவிட்டது.

ஈஸ்டர் உயிர்ப்பு ஞாயிறன்று அனிதா மறுபடியும் தனியாகப் பாடினாள். பாட்டின் நடுவில் யாரோ பின்கதவைத் தள்ளினார்கள். அவள் குரல் ஒரு நொடி நின்றது. மஞ்சு கட்டையிலிருந்து விரலை எடுக்காமல் அதே சுரத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது கைக்குழந்தையோடு பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு அம்மா. அனிதா மூச்சை இழுத்துக்கொண்டு, விட்ட வரியை முதலிலிருந்து எடுத்தாள்.