சிவப்பு விளக்கில் ஆன்லின்

அன்று மதியம் ஸ்டூடியோவில் இருந்தவர்கள்: கல்யாணப் பெண் ஆன்லின், அவளுடைய அம்மா அந்தோணிமேரி, மாப்பிள்ளையின் அக்கா சில்வியா, படம் எடுக்கும் புகழேந்தி. மாப்பிள்ளை பிரான்சில் இருந்தான். அவனைப் பெற்றவள் பட்டினத்து வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்; பெண்ணை அவள் இன்னும் பார்த்ததில்லை.

படத்தில் எந்தத் திருத்தமும் கூடாது, கேமராவிலிருந்து நேராகத் தனக்கு வந்தாக வேண்டும் என்பது அவள் உத்தரவு. அதைக் கண்காணிக்கத்தான் சில்வியாவை அனுப்பியிருந்தாள்.

ஆன்லினுக்குக் கழுத்திலிருந்து தாடைவரை வெண்படைத் திட்டு. அந்தோணிமேரி முதல் நாளே வந்து புகழேந்தியிடம் பேசிவிட்டுப் போயிருந்தாள். விளக்கின் முன்னால் சிவப்பு ஜெல் தாளை மாட்டினால் தோலும் திட்டும் ஒரே நிறமாகிவிடும். நீலத்தாள் என்றால் திட்டு சுண்ணாம்பு பூசியதுபோல் எடுத்துக்காட்டும். இதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது அவன் வேலை இல்லை.

சில்வியா உள்ளே வந்தபோது சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. அந்தோணிமேரி சுவிட்ச் போர்டை முதுகால் மறைத்து நின்றாள்.

"என்ன, பொண்ணு அடுப்புக்குள்ள உக்காந்திருக்கு?"

"இப்ப இதாம்மா ஃபேஷன்" என்றாள் அந்தோணிமேரி.

புகழேந்தி நாலு படம் எடுத்தான். சில்வியா கேமராத் திரையை உற்றுப் பார்த்தாள்.

"நல்லா மறைச்சிருக்கீங்க."

அந்தோணிமேரி சுவிட்ச் போர்டோடு இன்னும் ஒட்டி நின்றாள்.

"பயப்படாதீங்க ஆன்ட்டி. ஆன்லின் என் தம்பிகிட்ட சொல்லிருச்சு, அவன் எங்கிட்ட சொல்லிட்டான். அம்மாவுக்குத்தான் தெரியாது. சிவப்பே இருக்கட்டும்."

அந்தோணிமேரிக்கு மூச்சு வந்தது. ஆன்லின் எழுந்தாள்.

"கல்யாணத்துக்கப்புறம் வீடு பூரா சிவப்பு பல்பு மாட்டுவீங்களா அண்ணி?"

"அப்ப பாத்துக்கலாம்டி."

"நீலத்த மாட்டுங்கண்ணே."

புகழேந்தி அந்தோணிமேரியைப் பார்த்தான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். அவன் தாளை மாற்றினான். கழுத்துத் திட்டு பளிச்சென்று எழுந்து வந்தது. ஒரே ஒரு படம்.

"இதை அனுப்புனா கல்யாணம் நின்னுடும். தெரியும்ல?" என்றாள் சில்வியா.

"தெரியும். அனுப்புங்க."

சில்வியா அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் பட்டினத்திலிருந்து போன் வந்தது. கேட்டுவிட்டு அணைத்தாள்.

"வேணாங்கிறாங்க. என்னையக் கெளம்பி வரச் சொல்றாங்க."

"உங்க தம்பி?" என்றாள் ஆன்லின்.

"அம்மா பேச்ச மீறி அவன் செருப்புகூட வாங்க மாட்டான்."

சில்வியா படியிறங்கினாள். அந்தோணிமேரி கெஞ்சிக்கொண்டு பின்னாலேயே ஓடப் பார்த்தாள். ஆன்லின் முந்திக்கொண்டு கதவைச் சாத்திப் பூட்டினாள்.