மொழிபெயர்ப்பாளராகப் போன தூதர்

நான் ஒரு தூதரின் கணவன். இந்தப் பதவிக்குப் பரீட்சை கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. விருந்துகளில் யார் பக்கத்தில் உட்காரவைத்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தால் போதும். ஆறு நாடுகளில் கணக்கு வாத்தியாராக வேலை பார்த்தவன் நான் என்பது, நானாக வாய் திறந்து சொன்னால்தான் யாருக்கும் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் என் மனைவியை அவள் துறை நடத்திய விதத்தில்தான்.

முப்பத்து மூன்று வருஷங்களுக்கு முன்பு அவள் வெளியுறவுப் பணியில் சேர்ந்தபோது, ஆளுக்கொரு அயல்மொழி படிக்கவேண்டும் என்று ஒரு பட்டியலை நீட்டினார்கள். கூடச் சேர்ந்த ஆண்கள் பெரிய நாடுகளின் மொழிகளை முண்டியடித்து எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் சீந்தாத மொழி ஒன்று மிச்சமிருந்தது. அதை இவள் தலையில் கட்டினார்கள். சரி, அந்த மொழி பேசும் நாட்டுக்காவது அனுப்பினார்களா என்றால் அதுவும் இல்லை. மற்றவர்கள் ஒப்பந்தம் பேசக் கிளம்பிப் போக, இவளைப் பதினெட்டு வருஷம் பாஸ்போர்ட் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவர்கள், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்கள், ஊர் தெரியாமல் ஜெயிலில் மாட்டிக்கொண்டவர்கள், இவர்களோடுதான் அவள் காலம் போயிற்று. "பொம்பளைங்களுக்கு இந்த வேலைதான் சரிப்படும் சார், பொறுமை ஜாஸ்தி" என்று ஒரு மேலதிகாரி என்னிடமே சொன்னார். என் இரண்டு கையிலும் விருந்துத் தட்டு இருந்தது. அதனால் தப்பித்தார்.

ஐம்பத்தெட்டு வயதில் ஒருவழியாகத் தூதர் பதவி வந்தது, அதே மொழி பேசும் நாட்டுக்கு. அங்கே போக வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை. ஒரு வருஷமாக நாற்காலி காலி. மூட்டை முடிச்சுகளோடு போய் இறங்கினோம்.

இங்கே ஒரு சம்பிரதாயத்தைச் சொல்லவேண்டும். புதிய தூதர் வந்தால், நம் நாட்டுத் தலைவர் அந்த நாட்டு அதிபருக்குப் பெயர் போட்டு எழுதிய நியமனக் கடிதத்தைக் கொண்டுவர வேண்டும். அதை அவர்கள் ஏற்றுக்கொள்ளும்வரை தூதர் தூதரே இல்லை. அமைச்சர்களைப் பார்க்கக் கூடாது, காரில் கொடி பறக்கக் கூடாது, தூதர் என்று எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. நாங்கள் விமானம் ஏறுவதற்கு நாலு நாள் முன்பு அந்த நாட்டில் அதிபர் மாறிவிட்டார். எங்கள் தலைமை அலுவலகத்தில் அத்தனை பேரும் காபி குடித்தபடி அந்தச் செய்தியை அலசினார்கள். ஆனால் கடிதத்தையும் நகலையும் உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்தாயிற்று. அதை உடைத்துப் பெயரை மாற்ற ஒரு மகராசனுக்கும் தோன்றவில்லை.

தூதர்களை வரவேற்று முறைப்படி ஏற்றுக்கொள்ளும் அந்த நாட்டு மரபுத்துறையின் தலைவர் உறையைப் பிரித்தார், படித்தார், தொண்டையைச் செருமினார்.

"அம்மா, இது பழைய அதிபர் பேருக்கு வந்திருக்கு. இதை நான் வாங்க முடியாது. புதுக் கடிதம் வர்ற வரைக்கும் உங்களை நாங்க..."

"வந்ததாவே எடுத்துக்க மாட்டீங்க" என்று அவளே முடித்துவைத்தாள்.

புதுக் கடிதத்துக்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்றது தலைமை அலுவலகம். அன்று மாலை என் மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ளை, அவ வேலையில சேந்துட்டாளா?"

"வந்துட்டோம் அத்தை. இன்னும் சேரலை."

"வந்தப்புறம் சேர்றதுக்கு என்ன கேடு? நான் இங்க சொந்தக்காரங்க ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருக்கேன்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அவள் மட்டும் அசையவில்லை. தூதரகத்தின் இளைய செயலாளர் கொண்டுவந்து வைத்த ஒரு தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த இளைஞர் நல்லவர், கெட்டிக்காரர். ஆனால் எதையும் பாதியில் நிறுத்திவிடுவார். அவருக்கு நான் வைத்த பெயர் அரைவார்த்தை.

தாளில் இருந்தது இதுதான். நம் நாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று, தடை செய்யப்பட்ட கடல் எல்லைக்குள் நுழைந்ததாகப் பிடிபட்டிருந்தது. மாலுமிகள் இருபத்தொரு பேர் துறைமுகக் காவலில் இருந்தார்கள். பிடித்த பத்து நாளுக்குள் துறைமுகத் தளபதி நினைத்தால் விட்டுவிடலாம். பத்தாம் நாள் தாண்டினால் வழக்கு தலைநகர நீதிமன்றத்துக்குப் போய்விடும். அங்கே போனால் நாலைந்து வருஷம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அன்று ஆறாம் நாள்.

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு தடவை மேடம். மொழி தெரியாம... மொழிபெயர்ப்பாளரும் வேலையை விட்டு..."

"ஜெயில்ல இருக்கறவங்களைப் பார்க்க எத்தனை பேருக்கு அனுமதி?"

"அதிகாரி ஒருத்தர், மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர்."

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "மொழிபெயர்ப்பாளருக்கு நியமனக் கடிதம் வேணுமா?"

"வேண்டாம் மேடம்... ஆனா நீங்க..."

"நாளைக்கு நீங்க முன்னால நடங்க. நான் பின்னால வரேன்."

அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. தூதருக்கு முன்னால் நடப்பதைவிடக் கடலில் குதிக்கச் சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் குதித்திருப்பார். தலைமை அலுவலகத்துக்கு அவள் ஒரே வரி எழுதினாள்: காலியாக இருக்கும் மொழிபெயர்ப்பாளர் வேலையைத் தற்காலிகமாக நானே பார்க்கிறேன். அவர்கள் அதைப் படித்துப் புரிந்துகொள்வதற்குள் காரியம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் நடந்ததை அவள் கொஞ்சமும் அரைவார்த்தை மிச்சமுமாக எனக்குச் சொன்னார்கள். முதலில் மாலுமிகளைப் பார்த்தார்கள். ஈரம் ஊறிய சுவர், ஒரே ஜன்னல், பாய் இல்லாத தரை. கேப்டனுக்குக் காய்ச்சல். எஞ்சின்காரர் சொன்னார்: "எஞ்சின் நின்னு கப்பல் தானா மிதந்து போச்சு. ரேடியோல மூணு தடவை உதவி கேட்டோம். யாரும் பதிலே சொல்லலை."

பிறகு தளபதியின் அறை. பெரிய மேஜை, அதன்மேல் மெலிந்த ஒரு கோப்பு. அரைவார்த்தை, "எஞ்சின் பழுது, சார்" என்றார். அவள் அதை மொழிபெயர்த்தாள். மொழிபெயர்ப்பு நாலு நிமிஷம் ஓடியது.

தளபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இவ்வளவையும் அவர் சொன்னாரா?"

"சுருக்கமா சொன்னார்" என்றாள் அவள்.

"உதவி கேட்டதா என் கோப்புல ஒண்ணும் இல்லையே."

அவள் அந்தக் கோப்பை எட்டிப் பார்த்தாள். கப்பல் பிடிபட்ட தேதியை விரலால் தொட்டாள். அது அதிபர் மாறிய நாள்.

"சார், அன்னைக்கு எங்க ஊர்ல ஒரு முக்கியமான கடிதத்துல பேர் மாத்த மறந்துட்டாங்க. படிச்சவங்க, அனுபவஸ்தங்க, எல்லாரும்தான் மறந்தாங்க. வேற நாட்டுல அதிபர் மாறினதுக்கே எங்களுக்கு அந்தக் கதி. இங்க ரேடியோ அறையில உட்கார்ந்திருந்தவங்க அன்னைக்கு எந்தச் செய்தியைக் கேட்டுட்டிருந்திருப்பாங்க? தப்புன்னு சொல்லலை. ஒரு பக்கத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்றேன், அவ்வளவுதான்."

தளபதி மணியடித்தார். ரேடியோ அறையின் பதிவேடு வந்தது. அன்றைய விடியற்காலைப் பக்கத்தில், பென்சிலில், மூன்று வரி. மூன்று அழைப்புகள், நேரத்தோடு. எழுதிய ஆள் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டான். அடுத்து வந்தவன் பக்கத்தைத் திருப்பவே இல்லை. தளபதி அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்தார்.

"நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் அவள். "நான் வெறும் மொழிபெயர்ப்பாளர் மட்டும் இல்லை."

"தெரியும்மா. உள்ள வரும்போது அவர் உங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நீங்க உட்கார்ற வரைக்கும் நின்னுட்டே இருந்தார். மொழிபெயர்ப்பாளருக்கு இவ்வளவு மரியாதை குடுக்கற ஆபீஸை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை."

அரைவார்த்தையின் காது சிவந்துபோனதாம். தளபதி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் துறைமுக வாசலில் நின்றோம். கம்பளிகளும் டீ பிளாஸ்க்குகளும் என் பொறுப்பு. இரும்புக் கதவு திறந்தது. ஒவ்வொருவராக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தார்கள். கணக்கு வாத்தியார் புத்தி போகுமா, எண்ணிக்கொண்டே இருந்தேன். இருபத்தொன்று. பதினெட்டு வருஷம் கவுண்டருக்குப் பின்னால் உட்காரவைத்தவர்கள் ஒருத்தராவது அந்த வாசலில் நின்று பார்த்திருக்கவேண்டும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் துடைக்கவுமில்லை.

கடைசியாக வந்த கேப்டன், தாடி மண்டிய முகத்தோடு அவளருகே நின்றார். "வீட்டுக்கு இப்ப போன் பண்ணப்போறேன். எங்களுக்காக யார் வந்து பேசினாங்கன்னு கேப்பாங்க. நீங்க யாருன்னு சொல்லட்டும்?"

நான் வேடிக்கைக்குத் தூதரம்மா என்று கூப்பிட்டதற்கே அந்த வாரம் முழுக்க என்னை அதட்டியவள் அவள். விதி என்றால் விதிதான் அவளுக்கு. அரைவார்த்தை பதறிக்கொண்டு குறுக்கே வந்தார். "மேடம் இப்போதைக்கு வந்து..."

"உங்க தூதர்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

கடிதம் வர இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. கேப்டன் கையை நீட்டினார். அவருக்குப் பின்னால் மற்ற இருபது பேரும், யாரும் சொல்லாமலே, வரிசையில் வந்து நின்றார்கள்.