எந்தப் பக்கம் என்று சொல்லாத எண்

1

இந்தக் கதையை நான் கல்லூரிப் பேருந்தில் திருடினேன். காட்டாங்குளத்தூரில் நான் தமிழ் வாத்தியார். பக்கத்து இருக்கை ஸ்ம்ருதி, எலெக்ட்ரானிக்ஸ் பேராசிரியை. தாம்பரம் வருவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். எழுத எனக்கு ஏழு மாதம் ஆகிறது.

2

முதல் தொடக்கம்: செம்பாக்கம் ஏரியின் மீது கதிரவன் தன் பொற்கரங்களை—

(வேண்டாம். அன்றைக்கு ஸ்ம்ருதி வானத்தைப் பார்க்கவில்லை.)

இரண்டாவது: காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நடக்கப்போன அச்சுதன் எட்டு மணிக்கும் வீடு திரும்பவில்லை. அச்சுதன், ஸ்ம்ருதியின் கணவர். பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. கூப்பிட்டால் குரல் கொடுக்க முடியாது. மணிக்கட்டில் ஸ்ம்ருதி கட்டிவிட்ட பட்டை மட்டும் ப்ளூடூத்தில் அவர் போனுக்கு ஓயாமல் குரல் கொடுக்கும்.

இது இருக்கட்டும்.

3

[கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: சிக்னலின் பலத்தை போன் மைனஸ் எண்ணாகக் காட்டும். மைனஸ் தொண்ணூறு என்றால் ஆள் தூரத்தில். நாற்பது என்றால் கைக்கெட்டும் தொலைவில்.]

எந்த எண்ணுக்கு எத்தனை அடி என்று, அச்சுதனை ஹாலில் நிறுத்தி டேப்பால் அளந்து ஸ்ம்ருதி அட்டவணையே போட்டிருந்தார். ஹால் பதினெட்டு அடி. அட்டவணையும் அங்கேயே முடிந்துவிட்டது. தேடிப்போன ஏரிக்கரையில் கோரைப்புல்லும் ஈரமும் ரேடியோ அலையைத் தின்றன. போன் மைனஸ் தொண்ணூற்றிரண்டு காட்டியது. எத்தனை அடி என்றும் தெரியாது, எந்தப் பக்கம் என்றும் தெரியாது.

4

இங்கேதான் பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம். சாமியே கும்பிடாத பேராசிரியை, போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குன்றத்தூர் முருகனை நினைத்து, நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றி ஆத்மபிரதட்சிணம் செய்தாராம். நான் நம்பவில்லை. ஆனால் சாட்சி இருக்கிறது: கரைக்கு மாடு ஓட்டிவந்த தனக்கோடி.

"இன்னா மேடம், போன வச்சிகினு சுத்திகினு கீறீங்க?"

ஸ்ம்ருதி குனிந்து போனில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேற்கே திரும்பினால் எழுபத்தெட்டு. கிழக்கே திரும்பினால் தொண்ணூற்றைந்து. மறுபடி சுற்றினார். மறுபடியும் அதேதான்.

(அடிக்குறிப்பு: மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் இந்த அலையைக் குடித்துவிடும். ஆள் இருக்கும் பக்கம் முதுகைக் காட்டினால் நம் உடம்பே சிக்னலை மறைக்கும்.)

ஆக, அச்சுதன் மேற்கே இருந்தார். எழுதும்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அத்தனை கருவியும் அட்டவணையும் கைவிட்ட பிறகு, மனைவியின் உடம்பு திசை சொல்லியிருக்கிறது. பக்தியா பௌதிகமா என்று பஞ்சாயத்து வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

5

விஷயத்தைக் கேட்டதும் தனக்கோடி முன்னால் கோரையை விலக்கிக்கொண்டு போனார். பின்னால் ஸ்ம்ருதி. எழுபது. அறுபத்துமூன்று. ஐம்பது. நாற்பத்தொன்று. எதிரே ஒரே ஒரு புதர். சத்தம் எதுவும் இல்லை. பட்டை, தான் இருக்கும் இடத்தை மட்டுமே சொல்லும். கட்டியிருப்பவருக்கு மூச்சு இருக்கிறதா என்று சொல்லாது.

பேருந்தில் ஸ்ம்ருதி இந்தப் புதரோடு முடித்துக்கொண்டார். நானாக இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அச்சுதன் சேற்றில் கால் புதைந்து உட்கார்ந்திருக்கிறார், இவர்களைப் பார்த்ததும் அழுகிறார். மற்றதில் அவர்—

(எழுதக் கை வரவில்லை.)

இரண்டையும் ஸ்ம்ருதியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "புதர் வரைக்கும் போதும் சார்" என்றார்.

எனவே புதர் வரைக்கும். நாற்பத்தொன்று நாற்பத்துநான்காகி மறுபடி நாற்பத்தொன்றானது. கை அசைந்தால் எண் அசையும். தண்ணீர் அசைந்தாலும் அசையும். கோரையில் கை வைத்த தனக்கோடி, கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்.

"நீங்களே தள்ளிப் பாருங்க மேடம்."

நானும் ஒதுங்குகிறேன். ஸ்ம்ருதி கோரையில் கை வைக்கிறார். வாசிக்கிற நீங்களும் கூட நின்று விலக்குங்கள்.