அறுக்காமல் விட்ட ராகி

வெள்ளையம்மா முதல் பிடியை அறுத்து வரப்பில் வைத்த நேரத்தில்தான் அசோக்குமாரின் சுமோ மண்சாலையில் தூசு கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இன்ஜினை அணைக்காமலே குதித்து ஓடி வந்தான். "அக்கா, அக்கா, கை வெக்காதீங்க!" என்று அவன் போட்ட கூச்சலைக் கேட்டவர்கள், அவள் ராகித்தாளை அல்ல, அவன் கழுத்தைத்தான் அறுக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஒரு வகையில் அதுவும் சரிதான். பெங்களூரிலிருந்து வேன் நிறைய ஆட்கள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டதாக இப்போதுதான் போன் வந்திருந்தது. அவர்கள் யானை பார்க்க வருகிறார்கள். யானை ராகி தின்ன வரும். ராகி இல்லையென்றால் யானை இல்லை. யானை இல்லையென்றால் அசோக்குமார் இல்லை.

தேன்கனிக்கோட்டைக்கு மேற்கே காட்டை ஒட்டிய ஊர்களில் கார்த்திகை பிறந்ததும் கோயிலில் கூடி அறுப்புக்கு ஒரு வாரத்தைக் குறிப்பார்கள். அந்த வாரத்துக்குள் பணக்காரன், ஏழை, பங்காளிச் சண்டைக்காரன் எல்லோரும் அறுத்துவிட வேண்டும். மொத்த வயலும் மொட்டையானால் யானைக்கூட்டம் மோந்து பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஒரு வயல் மட்டும் நின்றால் அது வயல் இல்லை, பந்தி. இந்த வருஷம் வெள்ளையம்மாவின் புருஷன் சம்பங்கியின் வயல் மட்டும் நின்றது. போன சனிக்கிழமையும் அசோக்குமார் இப்படித்தான் வந்து நிறுத்திவைத்தான். அன்றைக்கு யானை வரவில்லை. வந்தவர்கள் கொசுக்கடியோடு திரும்பிப் போனார்கள்.

அசோக்குமாரின் அப்பாவுக்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. லாரியில் நசுங்கி வந்த பெட்டியைக்கூட 'சாஸுக்கென்றே பழுத்தது' என்று சொல்லித் தள்ளிவிடுகிற ஆள். மகன் ஓசூர் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வண்டி ஓட்டினான். போன வருஷம் அமெரிக்காவில் எவனோ கடன் கட்டாமல் போனதற்கு ஓசூரில் இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். சுமோ வீட்டு வாசலில் நின்று கோழிக்கு நிழல் கொடுத்தது. அப்போதுதான் அவனுக்குப் புத்தி வேலை செய்தது. இந்தப் பக்கத்து ஜனங்கள் அதுவரை பயணம் போனதெல்லாம் திருப்பதிக்கு மொட்டை போட, பெண் பார்க்க, சாவுக்கு. மிஞ்சினால் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல். முன்பு வெள்ளைக்காரன் மட்டும் வேலையில்லாமல் இந்தக் காட்டுக்கு வந்து துப்பாக்கியோடு திரிந்ததாகச் சொல்வார்கள். இப்போது பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கண் பூத்தவர்கள், காசு கொடுத்து இருட்டையும் குளிரையும் வாங்க வரத் தயாராக இருந்தார்கள். அப்பா நசுங்கின தக்காளியை விற்றார். மகன் நாசமான வயலைக் காட்சியாக விற்றான்.

"சாமி இல்லாத ஊருக்கு இன்னாத்துக்குப்பா வராங்க?" என்று சம்பங்கி முதல் தடவை கேட்டபோது அவன் சிரித்தான். "ஆனைதானுங்க மாமா சாமி. நீங்கதான் பூசாரி."

அந்தப் பூசாரி இப்போது தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முகம் கொடுக்காமல் நின்றார். "ஊர்ல வாய்க்கு வந்தபடி பேசறாங்க, அசோக்கு. என்னுது ஒண்ணுதான் நிக்குது."

"ஒண்ணே ஒண்ணு நிக்கறதாலதான் மாமா மதிப்பு. இன்னிக்கி ஒரு பொழுது. திங்கக்கிழமை நானே ஆள் கூட்டிட்டு வந்து அறுத்துக் குடுக்கறேன். பிரவீனாவுக்குக் கம்பெனில பேசிட்டேன், தெரியுமா?"

சம்பங்கி நிமிர்ந்தார். மகள் பன்னிரண்டாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ஓசூரில் கம்பெனி வேலை, சீருடை, வீட்டு வாசலுக்கே பஸ் என்று அந்த வீட்டில் பேசாத நாள் இல்லை. அசோக்குமார் பேசினது உண்மைதான். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம் பேசியிருந்தான்.

"நீ ஆவணிலருந்து பேசிக்கினுதான் கீற" என்றாள் வெள்ளையம்மா. ஆனாலும் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பேரம் முடிந்தது என்று அவன் மூச்சு விட்டபோது, பக்கத்து வயல்காரர் கரியப்பன் தன் களத்திலிருந்து நடந்து வந்தார். மனைவி போன பிறகு ஒண்டி ஆள். அறுத்த ராகியைக் களத்தில் போர் போட்டுவிட்டு, கதிரை மிதித்து உதிர்த்துத் தாம்படிக்க டிராக்டர் கிடைக்காமல் ஒரு வாரமாக அங்கேயே காவல் படுத்திருந்தார். கையில் மஞ்சப்பை. அதில் பட்டாசு.

"உன் ஆளுங்க பாறை மேல ஒக்காந்துக்குவாங்க. நான் கீழ களத்துல கீறேன். உன் டிக்கெட்டப் பாத்துட்டு ஆனை இந்தப் பக்கம் வராம இருந்துருமா?"

"ஆனைக்கு நின்ன கதிர்தாண்ணா ருசி. உங்க காஞ்ச போரை எதுக்குத் தொடப்போவுது? நீங்க மட்டும் இன்னிக்கி வெடி போட்டுறாதீங்க. ஒரு வெடி போட்டா அஞ்செட்டி வரைக்கும் ஓடிடும். எனக்கு மானம் போயிரும்."

"எனக்கு உசுரு போயிரும், பரவால்லயா?"

எல்லோரும் சிரித்தார்கள். கரியப்பனும் சிரித்தார். மண்டியில் வளர்ந்தவனுக்கு எதிராளியின் சிரிப்பில் எங்கே கதவு திறக்கிறது என்று தெரியும். "அண்ணா, காலைல என் சுமோவைக் களத்துல விட்டு ஓட்டறேன். சுத்திச் சுத்தி ஓட்டினா மத்தியானத்துக்குள்ள மொத்தமும் உதுந்துரும். டிராக்டர்காரன் வாசல்ல நிக்கத் தேவயில்ல." அப்பா மண்டியில் விலை பேசுகிற மாதிரியே கரியப்பனின் துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்து அழுத்தினான். கரியப்பன் களத்தையும் சுமோவையும் மாறி மாறிப் பார்த்தார். அசோக்குமார் ஒரு நீள டார்ச்சை அவர் கையில் கொடுத்தான். "மூஞ்சில அடிச்சா போதும், திரும்பிடும்." மஞ்சப்பையை வாங்கி சுமோவில் வைத்துக்கொண்டான். நனையாமல் இருக்கட்டும் என்றான். மழைக்கான அறிகுறி எதுவும் வானத்தில் இல்லை.

வெளிச்சம் மங்கும்போது யானைகள் வந்தன. காட்டின் ஓரம் தானே நகர்ந்து வயலுக்குள் இறங்குவதுபோல, சத்தமே இல்லாமல். பாறைமேல் இருந்த பெங்களூர்க்காரர்கள் மூச்சை அடக்கினார்கள். மோகனப்ரியா என்ற பெண், சென்னையிலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தவள், கண் கலங்கி அசோக்குமாரின் கையைப் பிடித்து, "தேங்க்ஸ்ங்க, லைஃப்ல மறக்கமாட்டேன்" என்று கிசுகிசுத்தாள். அவனுக்கே ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. குட்டி ஒன்று கதிரைப் பிடுங்கி வாயில் வைக்கத் தெரியாமல் தலையில் போட்டுக்கொண்டது. சிரிப்பை அடக்க எல்லோரும் வாயைப் பொத்தினார்கள். காமிராக்கள் ஓயவில்லை. பிளாஷ் போடக்கூடாது என்று அவன் ஆயிரம் முறை சொல்லியிருந்தான். யாரோ ஒருவன் போட்டான்.

கூட்டம் மொத்தமும் அசைந்தது. தாய்கள் குட்டியைச் சுற்றி நெருங்கின. ஓரமாக நின்ற கொம்பன் யானை மட்டும் பிரிந்து களத்துப் பக்கம் திரும்பியது. அங்கே டார்ச் வெளிச்சம் எழுந்தது. "ஏய்... ஏய்... போ சாமி, போ" என்று கரியப்பனின் குரல். வெளிச்சம் யானையின் நெற்றியில் பட்டது, நடுங்கியது, மறுபடி பட்டது. வெடிச் சத்தம் இல்லை. அசோக்குமார் எழுந்தான். பட்டாசு வைத்த சுமோ சாலையில் நின்றது. சாலைக்குப் போக வயலைச் சுற்ற வேண்டும். போக முடியுமா என்று கணக்குப் போட்டான். கணக்கு முடிவதற்குள் குரல் நின்றுவிட்டது. டார்ச் மட்டும் தரையில் கிடந்து, ராகித்தாளின் அடிப்பக்கத்தைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டிருந்தது.

"அந்த லைட்டும் உங்க ஏற்பாடா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"காவக்காரருங்க" என்றான் அசோக்குமார். "பழக்கப்பட்டவரு."

அவன் வாயிலிருந்து வந்த வார்த்தையை அவனே கேட்டான். அதற்குப் பிறகுதான் போனை எடுத்துச் சம்பங்கியைக் கூப்பிட்டான். ஊரே தகரம் தட்டிக்கொண்டு பந்தத்தோடு வந்து யானைகளை விரட்டிய பிறகு, களத்தில் போர் சிதறிக் கிடந்த இடத்தில் கரியப்பன்மேல் ஒரு வேட்டியை எடுத்து வந்து போர்த்தினார்கள்.

விடிந்ததும் பெங்களூர் வேன் போய்விட்டது. மோகனப்ரியா ஜன்னலுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாரஸ்ட் ஜீப்பும் போலீசும் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். வெள்ளையம்மா யாரையும் கேட்காமல் வயலுக்குள் இறங்கி, மிதிபடாமல் மிச்சமிருந்ததை அறுக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெண்களும் இறங்கினார்கள். அசோக்குமார் நிற்கும் இடத்தில் ஒரு மரம் நிற்பதுபோல அவனைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

திட்டுவார்கள், அடிப்பார்கள் என்று அவன் தயாராக இருந்தான். சட்டையைப் பிடித்தால் பிடிக்கட்டும் என்றுகூட இருந்தது. சம்பங்கி வந்தார். ராத்திரி முழுக்கத் தகரம் தட்டிய கை வீங்கியிருந்தது. அவன் காதருகே குனிந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. ஊர்ல இனிமே எங்களச் சேத்துக்க மாட்டாங்க." குரலைத் தாழ்த்தினார். "பிரவீனா விஷயம் மட்டும் விட்டுறாத. இவ்ளோ ஆனதுக்கு அதாவது நடக்கணும்."

அசோக்குமார் தலையாட்டினான்.

அதற்குள் சாலையில் மொபெட்டுகள் வரிசையாக நின்றன. அஞ்செட்டிப் பக்கமிருந்தும், தளிப் பக்கமிருந்தும், ஒரு டெம்போவில் முழுக் குடும்பமாகவும் ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. பெண்கள் தலைக்குப் பூ வைத்திருந்தார்கள். சைக்கிளில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் எங்கிருந்து மோப்பம் பிடித்தானோ, புளியமரத்து நிழலில் தட்டை இறக்கி, பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக்கொண்டிருந்தான். வரப்பில் ஆட்கள் ஒருவர் தோளைப் பிடித்து ஒருவர் எட்டிப் பார்த்தார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே கேள்வி: ஆனை ஆளை அடிச்ச எடம் எது?

குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒரு ஆள் சுமோவைப் பார்த்துவிட்டு நேராக அசோக்குமாரிடம் வந்தான். "அண்ணா, இங்கருந்து ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் போனா நல்லாத் தெரியும்?"

அசோக்குமாரின் கை தானாக எழுந்து பாறையைக் காட்டியது. "பின்பக்கமா ஏறுங்க. காலைப் பாத்து வைங்க."

அந்த ஆள் நன்றி சொல்லிவிட்டு மேலே ஏறினான். பாறை உச்சியில் வெயில் விழுந்திருந்தது. குழந்தை அப்பாவின் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, களத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டியது.