ஏழரை மணி பஸ்ஸும் மாமாவின் கூலிங்கிளாஸும்

திண்டிவனத்திலிருந்து எங்கள் ஊருக்கு வரும் ராத்திரி ஏழரை மணி பஸ்ஸை நிறுத்திய அன்றைக்கே அப்பா சொல்லிவிட்டார். "ராத்திரில வந்து உன்னைக் கூட்டிக்கினு வர என்னால ஆவாது. பஸ் இல்லன்னா வேலைய வுட்டுடு கலைமதி."

திண்டிவனத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. டூட்டி முடிவதே ஏழு மணிக்கு. படித்து வாங்கிய வேலை ஒரு பஸ்ஸால் போவதா?

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்குவார்கள். அதிகாரிக்கு ஒரே பக்கத்தில் விஷயம் புரிய வேண்டுமென்று உட்கார்ந்து எழுதினேன். மேலே கோரிக்கை. கீழே, அந்த பஸ்ஸை நம்பியிருப்பவர்கள் யார், இப்போது வேறு பஸ்ஸில் மயிலத்தில் இறங்கி இருட்டில் எப்படி ஊருக்கு நடந்து வருகிறோம் என்று நாலு வரி. என் பாழாய்ப்போன புத்தி, அதை அச்சடிக்க ஊர் நலச்சங்கத் தலைவர் பாண்டுரங்கன் மாமாவிடம் கொடுத்தேன்.

அவர் போனது கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைக்கு. மனு கொடுக்கும் அன்று காலையில்தான் தாளைக் காட்டினார். உச்சியில் பிள்ளையார், அடுத்து கூலிங்கிளாஸோடு மாமா, சுற்றிலும் சங்கத்து ஆண்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் எழுதினது எங்க மாமா?"

"அடியில பாரு. ஒருத்தர் போட்டோவ வுட்டாலும் பேஜாராப் பூடும்மா. நாளைக்கு நல்லது கெட்டதுக்கு மூஞ்சி பார்க்க வாணாமா?"

அடியில் பொடி எழுத்தில் 'பஸ் வேண்டும்' என்று இருந்தது. எந்த பஸ், எத்தனை மணிக்கு? அதற்கெல்லாம் இடமில்லையாம்!

அதிகாரி தாளை மேலும் கீழும் பார்த்தார். "இதுல யாருங்க பஸ்ல போறவங்க?"

சங்கமே மாமாவைப் பார்த்தது. மாமா கையிலிருந்த பைக் சாவியை மெல்லச் சட்டைப்பையில் போட்டார். அத்தனை பேரும் வந்ததே பைக்கில்தான்.

"நான் போறேன் சார்," என்றேன்.

"உங்க பேரு இதுல இல்லையேம்மா?"

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தாளை வாங்கித் திருப்பிப்போட்டு, பேனாவால் எல்லாவற்றையும் எழுதினேன். என்னோடு அந்த பஸ்ஸில் வரும் வெனிலா பேர், தையல்நாயகி அக்கா பேர், என் பேர். கடைசியில், 'பஸ் இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை.' அதிகாரி அந்தப் பக்கத்தைத்தான் படித்தார். கையெழுத்தும் அங்கேதான் போட்டார்.

அடுத்த மாதம் பஸ் வந்தது. திண்டிவனத்தில் நாங்கள் ஏறும் இடத்தில் பேனரும் வந்தது. 'பஸ்ஸை மீட்டுத் தந்த' மாமா, அதே கூலிங்கிளாஸ், அதே சிரிப்புகள்.

"உன் பேரே இல்லக்கா! கிழிச்சிப் போடட்டுமா?" என்று வெனிலா குதித்தாள்.

"அத்த வுடுடி. ஜல்தி ஏறு, ஜன்னல் சீட்டு பூடும்," என்றேன்.