பெயர் கேட்கும் மலையிடுக்கு

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாத சாட்சி கல் ஒன்றுதான். அதன் வாக்குமூலத்தைப் பிழையில்லாமல் வாசிக்கக்கூடியவர்கள் மொன்றியலில் மூன்று பேர். இரண்டு பேர் பேராசிரியர்கள், மூன்றாமவன் நிஷான். இதை நிஷானே, இறுதியாண்டு நிலவியல் மாணவன் என்ற முறையில், வடக்கே பதினொரு மணி நேரப் பயணத்தின் நடுவில், கார் ஓட்டிக்கொண்டிருந்த கோபிகாவிடம் சிரிக்காமல் அறிவித்தான். அவள் சென்னைப் பெண், அவன் வகுப்பிலேயே படிப்பவள். "நாலாவது யாருன்னு சொல்லு, அவங்களையே கேட்டுக்கறேன்" என்றாள்.

அவர்கள் போன மலையிடுக்கில், இரண்டு செங்குத்துப் பாறைகளுக்கிடையே கறுப்பாக ஓர் ஆறு ஓடியது. தொலைந்த மகளைத் தேடி ஒரு பூதம் மலையைப் பிளந்து பார்த்த இடமாம் அது. தங்கிய விடுதியின் சொந்தக்காரி கோப்பி ஊற்றியபடி சொன்னாள். வருகிறவர்களிடமெல்லாம் அது இன்னமும் பெயர் கேட்கிறது. கல் எடுப்பவர்கள் பெயரையும் காரணத்தையும் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும். சொல்லாதவர்களைத் திருப்பிக் கூப்பிடும்.

"பேர்தானே? சொல்லிட்டு எடேன்டா. என்ன கொறஞ்சு போயிடும்?" என்றாள் கோபிகா.

"இஞ்சை பார், இது நூறு கோடி வருசத்துக் கல்லு. பனிக்கட்டி உருகின தண்ணி வெடிப்புக்குள்ளாலை அறுத்துக்கொண்டு போயிருக்கு. இதிலை பூதம் எங்கை வந்தது? இண்டைக்குப் பேர் கேக்கும், பேந்து விசிட்டிங் கார்ட் கேக்கும்."

நிஷான் பாறையைப் பார்த்து இடுப்பு வரை குனிந்து, "போன்ஜூர் மிசியே பூதம்" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தான். பெயரை மட்டும் சொல்லவில்லை.

கல்லைப் பெயர்ப்பதற்கு முன், அதன்மேல் சிவப்பு மார்க்கரால் வடக்கைக் காட்டும் அம்புக்குறி போட்டு, சரிவின் பாகையை எழுதினான். மலை எந்தத் திசையில் பிளந்தது என்பதுதான் அவன் ஆய்வேடு. குறி இல்லாத கல் அதற்கு வெறும் கல். "ரெண்டா எடுத்துக்கோ" என்றாள் கோபிகா. "வாசிக்கத் தெரிஞ்சவனுக்கு ஒண்டு காணும்" என்றான் நிஷான்.

திங்கட்கிழமை காலை, மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில், அவன் வீட்டுக் கராஜில் கல்லோடு வைத்த பை காலியாகக் கிடந்தது.

"அம்மா, என்ரை கல்லு எங்கை?"

"சாமியறையிலை. வடிவா எழுந்தருளியிருக்கிறார்" என்றார் அம்மா சிவநேசம்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கல்லின் மேல்பக்கத்தை ஆறு முட்டைபோலத் தேய்த்திருந்தது. உளியால் பெயர்த்த அடிப்பக்கம் தட்டையாக இருந்ததால் நிமிர்ந்து நின்றது. நடுவில் மூன்று வெள்ளைக் கோடுகள், திருநீற்றுப் பட்டை மாதிரி. அதன்மேல் இப்போது சந்தனமும் ஒரு செவ்வந்திப்பூவும்.

"அதிலை அம்பு ஒண்டு கீறியிருந்ததே?"

"ஓம், ஆரோ கிறுக்கியிருந்தவை. தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்ச்சன், போகேல்லை. பேந்து தங்கச்சியின்ரை நகப்பூச்சு அழிக்கிற தண்ணியாலை துடைச்சன்."

"அம்மா, அது என்ரை ஆய்வேடு!"

"நல்லதுதானே. அவருக்கு முன்னாலை இருந்து படி."

ஆய்வேடு கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள். பனி விழுந்தால் அந்தப் பாதை வசந்தம் வரை மூடிவிடும். நிஷான் கோபிகாவுக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னான். அவள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்போ கூப்பிட்டுடுச்சு."

"அது கூப்பிடேல்லை. அம்மா துடைச்சவ."

"சரிங்க சார். எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

சனிக்கிழமை அவர்கள் போய்ச் சேரும்போதே பனி தூறத் தொடங்கியிருந்தது. "சீக்கிரம் வா, ரோடு மூடிடும்" என்று கோபிகா காரிலேயே இருந்துவிட்டாள். நிஷான் தனியே கீழே இறங்கினான். அம்புக்குறி போட்டு, உளி வைத்து அடித்தான். கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னோர் இடத்தில் அடித்தான். அது வெள்ளைக் கோட்டோடு இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி ஆற்றில் விழுந்தது. கைக்கு எட்டும் உயரத்தில், அதே வெடிப்பை ஒட்டி, இன்னும் ஒரேயொரு முனைதான் மிச்சம்.

அதில் குறி போட்டான். உளியை வைத்தான். எடுத்தான். மேலே பார்த்தான்; கார் தெரியவில்லை.

தொப்பியைக் கழற்றினான்.

"நிஷான்" என்றான். ஆற்றின் இரைச்சலில் அது அவனுக்கே கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "நிஷான். டொலார்ட்-டெஸ்-ஓர்மோ. ஆய்வேட்டுக்குத்தான், ஒரு சின்னத் துண்டு" என்றான். கொஞ்சம் யோசித்து, அர்ச்சனைக்கு ஐயரிடம் சொல்வதுபோல, "உத்தரட்டாதி நட்சத்திரம்" என்றும் சேர்த்துவிட்டு, சுத்தியலை எடுத்தான்.